குழிக்குள்ள விழுந்துதா?

அப்பாவைப் பொறுத்தவரை கோல்ஃப் என்பது கோலிக்குண்டுக்குப் பெரியண்ணன். அவ்வளவுதான்.

"பெரிய மைதானம், சின்னக் குழி, குச்சியால பந்தைத் தட்டி உள்ளே தள்ளணும். அதானேடா?"

"ஆமாம்ப்பா."

"இதுக்கா அமெரிக்கா போனே? பொன்மலை ரயில்வே காலனியில இதையேதான் விரலால ஆடிட்டிருந்தே. முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து போன் பண்ணுவேன். திருச்சியில் அப்போது ஞாயிறு காலை எட்டரை. அப்பா காபி டம்ளரோடு போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மளிகைக் கடையில் வாங்கிய காலிங் கார்டு டாலரை மளமளவென்று விழுங்கிக்கொண்டிருக்க, உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் அம்மா மாதிரி விசாரிக்க மாட்டார். ஒரே கேள்விதான்.

"குழிக்குள்ள விழுந்துதா?"

இது 1998, 99 கதை. கம்ப்யூட்டர்களுக்கு 2000 பிறந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த காலம். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்த புண்ணியவான்களின் பாவத்தைக் கழுவ, தமிழ்நாட்டிலிருந்து பிளேன் பிளேனாக ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தன். நான்கு பேருக்கு ஒரு அபார்ட்மெண்ட், ஒரு ரைஸ் குக்கர், ஒரு ஊறுகாய் பாட்டில். எதை வாங்கினாலும் விலையை 43-ஆல் பெருக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற வியாதியும் நான்கு பேருக்கும் பொது.

இந்த லட்சணத்தில் கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது!

லிங்கன் பார்க் என்று ஒரு இடம். ஊரின் வடமேற்கு மூலையில், கடலைப் பார்த்த குன்று. உச்சியில் லீஜன் ஆஃப் ஹானர் என்கிற மியூசியம். பாரீஸில் இருக்கும் ஓர் அரண்மனையைப் பார்த்துக் கட்டி 1924-ல் திறந்தது. வாசல் முற்றத்தில் ரோடானின் 'சிந்தனையாளர்' சிலை, கையைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கப் போன நான், ஓசிக் காற்று வாங்கிக்கொண்டு புல்வெளிப் பக்கம் நடந்தேன். தூரத்திலிருந்து ஒரு குரல்: "ஃபோர்!"

நம் ஊர்ப் பையனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் கை என்ன செய்யும்? தட்டியது. பவுண்டரி அடித்துவிட்டான் போலிருக்கிறது என்று பலமாகவே தட்டினேன். அடுத்த விநாடி விர்ரென்று ஒரு வெள்ளைப் பந்து என் காதோரமாகப் போயிற்று. 'பந்து வருது, தலையைக் காப்பாத்திக்கோ' என்பதற்குத்தான் அந்த ஆட்டத்தில் 'ஃபோர்' என்று கத்துவார்களாம்.

பந்தை அடித்தவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சீன முகம், மெலிந்த உடம்பு, தலையில் ஒரு துணித் தொப்பி. நான் சாகவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, "கைதட்டினாயே, ஏன்?" என்று கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றி ஐந்து நிமிஷம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மற்ற மூன்று பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

"அடுத்த சனிக்கிழமை வா, நாங்கள் உனக்குக் கைதட்டுகிறோம்" என்றார்.

எனக்குத் தெரிந்த கோல்ஃப் மைதானங்கள் இரண்டு. ஒன்று கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருப்பது. இன்னொன்று நந்தனத்தில். வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து தினமும் அதன் மதில்சுவரைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே போக வேண்டுமென்றால் மெம்பராக இருக்க வேண்டும், அல்லது மெம்பரின் மட்டைப் பையைத் தூக்குகிறவராக இருக்க வேண்டும். ஆகவே நான் தயங்கித் தயங்கி, "மெம்பர்ஷிப் எவ்வளவு?" என்றேன். கிழவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இது நகராட்சியுடையதப்பா. பார்க் மாதிரி. காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம்."

நகராட்சி கோல்ஃப்! நம் ஊர் நகராட்சியை நினைத்துப் பார்த்தேன். கொசு மருந்து ஞாபகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேலில் பதினைந்து டாலருக்குப் பையோடு மட்டைகளை வாங்கினேன். (பெருக்கவில்லை. பெருக்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) விதிப்படி பதினான்கு மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். என்னிடம் ஒன்பது. அதில் ஒன்று இடதுகைக்காரர்களுக்கானது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அந்த மட்டையால் அடித்த பந்தெல்லாம் ஏன் என் முழங்காலைப் பார்த்தே வந்தது என்கிற மர்மமும் அன்றைக்குத்தான் விலகியது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை. மைதானத்து வாசலில் ஒரு கூண்டு. உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்ததும், "சிங்கிளா?" என்றார்.

"ஆமாம் ஸார். வீட்டில் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்காங்க."

அவர் கேட்டது, தனியாக வந்திருக்கிறாயா என்று. தனியாக வருகிறவர்களை மூன்று பேர் கூட்டத்தோடு சேர்த்து நான்கு பேராக்கி அனுப்புவார்கள். பொது மைதானத்தின் விசேஷமே இதுதான் என்பேன். யாரோடு சேர்க்கிறார்கள் என்பது அவரவர் ஜாதகம். ஒரு தடவை பஸ் டிரைவர், ஒரு தடவை நைட் டியூட்டி முடித்துவிட்டு நேரே வந்த நர்ஸம்மா, ஒரு தடவை ஹோட்டல் சமையல்காரர். நாலு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றாக நடக்க வேண்டும். பதினெட்டாவது குழி வருவதற்குள் ஒருத்தருடைய டைவர்ஸ் விவரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனால் முக்கால்வாசி சனிக்கிழமைகளில் நான் அந்தக் கிழவரோடுதான் சேர்ந்துகொள்வேன். சான்பிரான்சிஸ்கோ சைனா டவுனில் பிறந்து வளர்ந்தவர். தபால்காரராக இருந்து ரிடையர் ஆனவர். மனசுக்குள் நான் வைத்த பெயர் 'தபால் தாத்தா'. நேரில் 'ஸார்' என்பேன். "நான் என்ன ஸ்கூல் வாத்தியாரா?" என்று கோபித்துக்கொள்வார். அதற்கும் "ஸாரி ஸார்" என்பேன்.

மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1902-ல் மூன்றே குழிகளோடு ஆரம்பித்தது. பணக்காரர்களின் மைதானங்கள் போலக் கம்பளம் விரித்தெல்லாம் இருக்காது. புல் ஒரு பக்கம் சொட்டை, ஒரு பக்கம் காடு. எலி தோண்டிய வளைகள் வேறு. குழி என்று நினைத்து அதில் பந்தைப் போட்டு நான் கை தூக்கிக் கத்தியதுண்டு. தரை எங்குமே சமமாக இல்லை. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. மொத்தம் ஐயாயிரம் கெஜத்துக்குக் கொஞ்சம் மேல். கெட்டிக்காரர்கள் 68 அடியில் முடிக்க வேண்டும். நான் முதல் நாள் 149. "நல்ல ஐ.க்யூ" என்றார் தாத்தா.

காலை ஏழரைக்குப் போனால் பாதி நாள் பனிமூட்டம். அடித்த பந்து எங்கே போயிற்று என்று தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'டொக்' என்றால் சைப்ரஸ் மரம். சத்தமே இல்லையென்றால் புல். "ஏய்!" என்றால் ஆள்.

பதினேழாவது குழிக்கு வரும்போது பெரும்பாலும் மூட்டம் கலைந்திருக்கும். அங்கே நின்றால், கோல்டன் கேட் பாலம் சிவப்பாக, முழுசாக, கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். கீழே கடல். கொடி சுமார் 240 கெஜம் தள்ளி இருக்கிறது. அங்கே எனக்கு முதல் அடி சரியாக விழுந்ததே இல்லை. கண் பாலத்திலும் கை மட்டையிலும் இருந்தால் எப்படி விழும்? அந்தக் காட்சிக்குக் கோடீசுவரர்கள் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். எங்களுக்கு இரண்டு சினிமா பார்க்கிற காசு. சாயங்காலம் வெளிச்சம் குறைகிற நேரத்தில் போனால் அதிலும் தள்ளுபடி!

ஆடத் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். நான் அடித்த பந்து புல்வெளி நடுவே ஒரு கட்டுமானத்தின் அருகே போய் நின்றது. அதைத் தூரத்திலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தூண், மேலே குறுக்கே ஓர் உத்தரம். நம் ஊர்ச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்களே, அதைப் பெரிதாக்கிக் கட்டினாற்போல் இருக்கும். கிட்டே போனால் சீன எழுத்துக்கள்.

மட்டையை ஓங்கினேன். "வேண்டாம்" என்றார் தாத்தா. "பந்தை எடுத்துக்கொண்டு வா. தள்ளி வைத்து அடி. கணக்கில் ஓர் அடி சேர்த்துக்கொள்."

"விதியில் அப்படி இல்லையே?"

"என் விதி."

அப்புறம்தான் சொன்னார். நான் இரண்டு மாதமாக மட்டையால் கொத்திக்கொண்டிருந்த இடம், ஊரின் பழைய பொது இடுகாடு! 1870-லிருந்து 1890-களின் கடைசி வரை ஏழைகளையும் அயலூர்க்காரர்களையும் அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு துண்டு நிலம். அந்தத் தூண்கள் காங் சௌ என்கிற சீனர் சங்கம் கட்டிய ஈமக் கோயிலின் மிச்சம். பிறகு, நகரத்துக்குள் புதைக்கவே கூடாது என்று சட்டம் வந்தது. மற்ற இடுகாடுகளைப் பெரும்பாலும் தோண்டித் தெற்கே கோல்மா என்கிற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றைக்கும் உயிரோடு இருப்பவர்களைவிட இல்லாதவர்கள்தான் மெஜாரிட்டி. இந்தக் குன்றில் மட்டும் கல்லை எடுத்துவிட்டுப் புல்லைப் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அடியிலேயே தங்கிவிட்டார்கள். 1993-ல் மியூசியத்தைப் பலப்படுத்தத் தோண்டியபோது எழுநூறு பேருக்கு மேல் வெளியே வந்தார்களாம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாய் தவறி இதைச் சொன்னேன். அதிலிருந்து ரூம்மேட்டுகள் சனிக்கிழமைதோறும் வாசலிலேயே மறித்தார்கள். "சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்தவன் நேரா பாத்ரூமுக்குப் போ. குளிச்சுட்டு வந்து ரைஸ் குக்கரைத் தொடு."

அப்பாவுக்கு மட்டும் இந்த விஷயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. காரணம், ரயில். தபால் தாத்தாவின் கொள்ளுத்தாத்தா 1860-களில் தண்டவாளம் போட வந்தவர். கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே மலையைக் குடைந்து பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்தான். அது 1869-ல் முடிந்தது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த அப்பாவுக்கு இது போதாதா? வாராவாரம் இரண்டாவது கேள்வி ஒன்று சேர்ந்துகொண்டது.

"நம்ம ரயில்காரர் கொள்ளுப்பேரன் எப்படி இருக்கார்?"

1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பனிமூட்டமே இல்லாத அபூர்வமான காலை. அன்றைக்குப் பதினேழாவது குழியில் என் முதல் அடி கொடிக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது. வாழ்க்கையில் ஒரே தடவை! இரண்டாவது அடியில் பந்து உள்ளே. தாத்தாவும் மற்ற இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார்கள். "ஃபோர்!" என்றார் தாத்தா. எட்டு மணி எப்போது வரும், அப்பாவுக்கு எப்போது சொல்வோம் என்று பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. ரூம்மேட்டுகள் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். ஆன்ஸரிங் மெஷினில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நான்கு செய்தி. நாலும் தம்பி குரல். முதல் செய்தியில், "அண்ணா, அப்பாவுக்கு மாரு வலிக்குதுங்கறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்." நாலாவதில் அவன் பேசவே இல்லை. அழுதுகொண்டிருந்தான்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா போனபோது நான் நான்காவதோ ஐந்தாவதோ குழியில் இருந்திருக்கிறேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். அனுதாபமாகத்தான் பேசினார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதி. நீட்டிப்பு மனு நிலுவையில். இந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போனால் சென்னையில் புது முத்திரை கிடைத்தால்தான் திரும்பலாம். எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. "முடிவு உங்களுடையது" என்றார்கள். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பாதி பாக்கி இருந்தது. எப்படிப் பறந்தாலும் ஒன்றரை நாள் ஆகும். அதுவரை அப்பாவை வைத்திருக்க முடியாது. "நீ வந்து என்னடா பண்ணப் போறே, வேலையைப் பாரு" என்று அம்மாவே சொன்னாள். நான் போகவில்லை. கம்பெனி மேலும் விசா மேலும் பழி போடலாம். ஆனால் முடிவு என்னுடையதுதான்.

ஓயாமரியில் தம்பி கொள்ளி வைத்தபோது எனக்கு ராத்திரி இரண்டு மணி. ஹாலில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரூம்மேட்டுகளில் ஒருத்தன் எதுவும் சொல்லாமல் வெந்நீர் போட்டு வைத்தான். குளித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அபார்ட்மெண்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கால் தானாக மைதானத்துக்குப் போயிற்று. மட்டைப் பை இல்லாமல் வந்தவனைக் கூண்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். தபால் தாத்தாவோடு வெறுமனே நடந்தேன். அவர் மூன்று குழி வரை ஒன்றும் கேட்கவில்லை. சுமைதாங்கிக்கு அருகில் வந்ததும் நானே சொன்னேன். போகாததையும் சொன்னேன்.

பின்னால் வந்த கூட்டத்துக்கு, 'நீங்கள் முன்னே போங்கள்' என்று கையைக் காட்டிவிட்டு, அந்தத் தூணடியில் உட்கார்ந்தார்.

"என் கொள்ளுத்தாத்தாவுக்கும் இதே பேப்பர் தகராறுதான்" என்றார்.

1882-ல் சீனக் கூலிகள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். 1888-ல் அந்த சர்டிபிகேட்டும் செல்லாது என்று இன்னொரு சட்டம். கையில் சீட்டோடு ஊருக்குப் போயிருந்த சுமார் இருபதாயிரம் பேர் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா சாகக் கிடக்கிறார் என்று கடிதம் வந்தது அதே வருஷம். இவர் போகவில்லை. போனால் இங்கே இருக்கிற குடும்பம் தெருவில் நிற்கும். சில வருஷங்களில் இவரும் செத்து, இந்தக் குன்றில்தான் எங்கோ புதைத்தார்கள்.

"அப்படியானால் இங்கேதான் இருக்கிறாரா?"

"இல்லை. ஊருக்குப் போய்விட்டார்."

சீனர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதைத்துச் சில வருஷம் கழித்துச் சங்கத்து ஆட்கள் தோண்டி எலும்புகளை எடுப்பார்கள். சுத்தம் செய்து, பெட்டியில் வைத்து, பெயரெழுதிக் கப்பலில் ஏற்றுவார்கள். ஹாங்காங் போய், அங்கிருந்து சொந்தக் கிராமம்.

"பெட்டிக்குள்ளே இருந்தது அவர்தானா என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துக் குழிக்காரராகக்கூட இருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். "ஆனால் கிராமத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவருடைய அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள்."

பிறகு பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தூணடியில் வைத்தார். இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். தின்பதற்கா, வைப்பதற்கா என்று தெரியவில்லை. நான் வைத்தேன்.

"உன் அப்பா கடைசியாக என்ன கேட்டார்?"

"குழிக்குள்ளே விழுந்துதா என்று."

"போன வாரம் விழுந்ததே! சொன்னாயா?"

இல்லை என்று தலையாட்டினேன். "சொல்" என்றார். எழுந்து போய், நூறு கெஜம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன சொன்னேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தமிழில் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். புல் வெட்டுகிறவர் ஒருத்தர் மெஷினை நிறுத்திவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

அடுத்த வருஷம் மார்ச்சில் விசா முத்திரை விவகாரம் ஒரு வழியாகத் தீர்ந்து ஊருக்குப் போனேன். தம்பி அம்மாமண்டபத்துக்குக் கூட்டிப்போய், அப்பாவைக் கரைத்த படியைக் காட்டினான். காவிரியில் தண்ணீர் இல்லை. மணலில் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2001-ல் டாட்காம் பலூன் வெடித்ததில் எனக்கு வேலை போயிற்று. நியூஜெர்ஸியில் இன்னொன்று கிடைத்துக் கிளம்பினேன். தபால் தாத்தாவோடு கடைசியாக ஆடியபோது என் ஸ்கோர் 103, அவருடையது 91. விலாசம் எழுதிக் கொடுத்தார். நாலைந்து வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. தபால்காரர் கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும். பிறகு வரவில்லை.

2019 ஜூனில் குடும்பத்தோடு சான்பிரான்சிஸ்கோ போனபோது, மகனை மட்டும் இழுத்துக்கொண்டு லிங்கன் பார்க் போனேன். அவனுக்குப் பதினான்கு வயது. கூண்டில் வேறு ஆள். தாத்தாவைப் பற்றி விசாரித்தேன், தெரியவில்லை. வாடகை மட்டை எடுத்துக்கொண்டோம். அதே பனிமூட்டம், அதே சொட்டைப் புல், அதே ஏற்றத்தில் எனக்கு மட்டும் புதிதாக மூச்சிரைப்பு.

பையன் ஓங்கி ஒரு அடி. பந்து உருண்டு நேரே சுமைதாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவன் மட்டையை ஓங்கினான்.

"வேண்டாம். எடுத்துட்டு வந்து தள்ளி வெச்சு அடி. ஒரு அடி சேர்த்துக்கோ."

"ரூல்ஸ்ல அப்படி இல்லையேப்பா?"

"என் ரூல்."

முணுமுணுத்துக்கொண்டே பந்தை எடுத்தான். ஓட்டலில் காலைச் சாப்பாட்டோடு கொடுத்த ஆரஞ்சு என் பையில் இருந்தது. அதை நான் வைப்பதை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வாட்ஸப் வீடியோவில் அம்மா. திருச்சியில் ராத்திரி ஒன்பது மணி. தூங்குவதற்கு முன் பேரனைப் பார்த்தாக வேண்டும். என் பின்னால் தெரிந்த புல்லைப் பார்த்தாள். ஆட்டத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்காதவள், பேரனிடம் கேட்டாள்:

"குழிக்குள்ள விழுந்துதாடா?"

"இல்லை பாட்டி, அப்பா ஃபைன் போட்டுட்டார்!"